தமிழன் நாக்கும் ஒரு கிளாஸ் பில்ஸ்னரும்

முதல்லயே சொல்லிடறேன், இது குடியை வளர்க்கிற பதிவு இல்லை. குடிக்காதவங்க குடிக்காமலே இருங்க, நல்லா இருப்பீங்க. என் சண்டை வேற. குடிக்கிற தமிழனுக்கு தொண்டையும் பர்ஸும் இருந்தா போதும், நாக்கு எதுக்குன்னு நினைச்சு ஒரு அரசாங்கம் இருபது வருஷத்துக்கு மேல கடை நடத்துது பாருங்க, அதோடதான்.

போன மாசம் பெங்களூர்ல ஒரு மைக்ரோப்ரூவரியில பில்ஸ்னர் குடிச்சேன். மைக்ரோப்ரூவரின்னா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேங்க்ல பியர் காய்ச்சி, இந்தப் பக்கம் கிளாஸ்ல ஊத்தித் தர்ற இடம். வைக்கோல் நிறம். கிளாஸுக்குப் பின்னாடி பேப்பரை வெச்சா படிக்கலாம், அவ்ளோ தெளிவு. மேல ரெண்டு விரல் கட்டைக்கு நுரை. மூக்குகிட்ட கொண்டு போனா புது ரொட்டி வாசம், அதுக்குப் பின்னாடி லேசா பச்சிலை வாசம். முதல் வாய்க்கு மெல்லிசா ஒரு தித்திப்பு. முழுங்கினதும் ஹாப்ஸ் கசப்பு வந்து நாக்கைத் துடைச்சு விட்டுட்டுப் போகுது. சுண்டைக்காய் வத்தல் மாதிரி, அடுத்த வாய்க்குக் கூப்பிடற கசப்பு. ஆல்கஹால் 4.8% தான். ரெண்டாவது கிளாஸ் முடிஞ்சதும் போதும்னு தோணுச்சு. இந்த 'போதும்'தாங்க மேட்டரே.

பில்ஸ்னர் காய்ச்சறது லேசுப்பட்ட வேலை இல்லை. கோதுமை பியர் ரெண்டு மூணு வாரத்துல ரெடியாகிடும். பழம், மசாலான்னு எதையாவது போட்டு குறையையும் மறைச்சிடலாம். பில்ஸ்னருக்கு ஈஸ்ட் 10 டிகிரி பக்கம் மெதுவா வேலை செய்யணும், அப்புறம் கிட்டத்தட்ட உறையற குளிர்ல வாரக்கணக்கா தூங்கணும். அதுவரைக்கும் டேங்க்கும் கரண்ட் பில்லும் உங்க தலையில. இவ்ளோ பண்ணியும் அவசரப்பட்டா வெண்ணெய் வாசம் வரும், சரியா கொதிக்க விடலைன்னா வேகவெச்ச மக்காச்சோள வாசம் வரும். எதையும் மறைக்க முடியாது. எங்க பாஷையில சொன்னா, வர்ற எர்ரரை எல்லாம் ட்ரை-கேட்ச் போட்டு முழுங்க முடியாத ப்ரோக்ராம்.

இதோட கதையும் நமக்குத் தேவை. இப்போ செக் நாட்டுல இருக்கிற பில்சன் ஊர்ல 1838ல பியர் ரொம்ப மோசமா இருக்குன்னு 36 பீப்பாயை டவுன்ஹால் வாசல்லயே கவுத்துக் கொட்டிட்டாங்களாம். கொட்டிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலை. காய்ச்சற உரிமை வெச்சிருந்த ஊர்க்காரங்களே சேர்ந்து புதுசா ஒரு ப்ரூவரி கட்டினாங்க. பவேரியாவுலேர்ந்து யோசப் க்ரோல்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. 1842 அக்டோபர்ல அவர் காய்ச்சினதுதான் முதல் பில்ஸ்னர். அந்த ஊர்த் தண்ணில உப்பு கம்மி, அதனால கசப்பு உறுத்தாம வந்துச்சு. (எங்க வீட்டு போர் தண்ணிய கொதிக்க வெச்சா பாத்திரத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி படியும். அதுல பில்ஸ்னரா, ஹிஹி.) இன்னிக்கு உலகத்துல விக்கிற பியர்ல பெரும்பாலானது அந்த பில்ஸ்னரோட சொந்தக்காரங்கதான். நல்ல சொந்தம், தூரத்துச் சொந்தம், சொல்லிக்க வெக்கப்படற சொந்தம் எல்லாம் சேர்த்து.

நம்மூர்ல ஒருத்தன் பியர் நல்லா இல்லைன்னு கொட்டினா என்ன ஆகும்? அடுத்த பாட்டிலை அதே கவுண்ட்டர்லதான் வாங்கணும். 2003 நவம்பர்லேர்ந்து தமிழ்நாட்டுல சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில. 2024-25ல மட்டும் இதுல அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். போட்டி இல்லாத கடைக்கு ருசியைப் பத்தி என்ன கவலை? கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவர்கிட்ட யாராவது "அண்ணே, எது நல்லா இருக்கும்?"னு கேட்டுப் பார்த்திருக்கீங்களா? எல்லாரும் கேக்கறது "எதுண்ணே ஏறும்?"னுதான். இந்தியாவுல விக்கிற பியர்ல பெரும்பங்கு 5 சதவீதத்துக்கு மேல 8 வரைக்கும் போற ஸ்ட்ராங் பியர். ருசியை எடுத்துட்டா மிச்சம் போதைதானே?

பூனேல டூலாலி 2009லயும், பெங்களூர்ல டாய்ட் 2010லயும் ஆரம்பிச்சாங்க. அதனால கலாச்சாரம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.

உடனே கிளம்புவாங்க, "திருவண்ணாமலைல பொறந்துட்டு பேசற பேச்சாடா இது?"ன்னு. ஐயா சாமிகளா, கிரிவலப் பாதையில ப்ரூவரி கட்டுங்கன்னு நான் கேக்கவே இல்லை. தீபத்துக்குக் கடையை மூடச் சொல்றாங்களா, சந்தோஷமா மூடுங்க. ஆனா முதல் நாளே வாங்கி வேட்டியில முடிஞ்சுக்கிட்டுப் போறவரைப் பார்க்காத மாதிரி நடிக்காதீங்க. பக்தி எங்க ஊர்ல நிஜம். பாட்டிலும் நிஜம். கண்ணை மூடிக்கிட்டா ரெண்டுல எதுவும் மறையாது.

அடுத்த கேள்வி நியாயமானது. "ஒரு கிளாஸ் விலையில எங்க வீட்டுல ரெண்டு பேர் வயிறார சாப்பிடலாம், இது பணக்காரன் பிரச்னை." சரிதான். 2024 ஜூன்ல எங்க பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போறவங்க. அவங்களுக்கு பில்ஸ்னர் பதில் இல்லை. கள்ளு பதிலா இருந்திருக்கலாம்.

யோசிச்சுப் பாருங்க. பில்ஸ்னர்ல இருக்கிற நல்ல விஷயம் எல்லாம் கள்ளுல இருக்கு. போதை கம்மி, அன்னன்னைக்கு இறக்கினது, அந்தந்த மண்ணோட ருசி. விலை? ஏழைக்கும் கட்டுப்படியாகும். செஞ்சி, திண்டிவனம் பக்கம் பஸ்ல போனா ஜன்னல் பூரா பனைமரம். அதை மாநில மரம்னு வேற வெச்சிருக்கோம். ஆனா 1987 ஜனவரி 1லேர்ந்து கள்ளு இறக்கினா கேஸ். கேரளாவுல கள்ளுக்கடை இருக்கு, பாண்டிச்சேரியில இருக்கு. எல்லை தாண்டினா உணவு, இந்தப் பக்கம் வந்தா குத்தமா? கலப்படம் நடக்கும்கறாங்க. பால்ல தண்ணி கலந்தா கலந்தவனைப் பிடிப்பீங்களா, பசுவைத் தடை பண்ணுவீங்களா?

ஒண்ணு, முழு மதுவிலக்குன்னு நேர்மையா சொல்லுங்க. அந்த 48,344 கோடியையும் வேணாம்னு சொல்லுங்க, நானே கைதட்டறேன். இல்லை, விக்கத்தான் போறோம்னா, போதை ஏற ஏற வரியும் ஏறட்டும், கம்மியா இருக்கிறது நல்லாவே மலிவாகட்டும். பனையேறிக்கு லைசென்ஸ் குடுங்க. சின்னதா, சுத்தமா காய்ச்சறவனுக்கும் குடுங்க. ருசி பார்த்துக் குடிக்கிறவனுக்கு ஒரு கட்டத்துல போதும்னு சொல்லத் தெரியும். அந்தச் சொல்லு மட்டும் நம்ம வாயில வரக்கூடாதுன்னுதானே இந்தக் கடையே நடக்குது?

டிஸ்கி: மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு. விக்கிறவங்களே பாட்டில்ல எழுதியிருக்காங்க :-)