சில நாள் படைப்பும் இருபது ஆண்டுக் காவலும்

கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை உருவாக்கியவர் யார் என்று கேளுங்கள். கணினி அறிவியல் பயிலும் மாணவர் எவரும் லினஸ் டொர்வால்ட்ஸ் என்று உடனே சொல்வார். அதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேணி வருபவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாக வரும். இம்மௌனத்தை வெறும் மறதி என்று நான் ஏற்கவில்லை. எதை அறிவுழைப்பு என்று கொள்வது, எதைப் பணிவிடை என்று தள்ளுவது என நம் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் அளவுகோலே அதற்குக் காரணம். அந்த அளவுகோல் தவறானது. அதனால் கெடுவது நிரலர்களின் பெருமை மட்டுமன்று. நம் ஆய்வுகளின் நம்பகத்தன்மையும்தான்.

முதலில் வரலாறு. லினக்ஸ் கெர்னலை எழுதுவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுடைமை மென்பொருளைக் கொண்டு தம் நிரல் மாற்றங்களைப் பதிந்து வந்தனர். 2005 ஏப்ரலில் அதன் இலவசப் பயன்பாட்டு உரிமம் திரும்பப் பெறப்பட்டது. டொர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று மாற்று ஒன்றை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 அன்றே கிட் தன் நிரலைத் தானே காக்கும் நிலையை எட்டிவிட்டது. இந்தச் சில நாள் கதையைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதே ஆண்டு ஜூலை 26 அன்று அவர் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார் என்பதைச் சொல்வதில்லை. டிசம்பர் 21 அன்று வெளிவந்த 1.0 பதிப்பே ஹமானோவின் பொறுப்பில் வந்ததுதான். தாம் பேணியது ஏறத்தாழ நான்கு மாதங்களே என்றும், பாராட்டு ஹமானோவுக்கு உரியது என்றும் டொர்வால்ட்ஸே சொல்லியிருக்கிறார். படைத்தவர் ஒப்புக்கொண்ட உண்மையை நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பேணுதல் என்பது என்ன? உலகின் பல மூலைகளிலிருந்து திருத்தங்கள் வருகின்றன. அவற்றைப் படிக்க வேண்டும். இம்மாற்றம் ஏன் தேவை என்று எழுதியவரைக் கேட்க வேண்டும். காரணம் தெளிவாக எழுதப்படாத திருத்தத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். தேறியவையும் உடனே மையக் கிளைக்குள் நுழைந்துவிடுவதில்லை. ‘நெக்ஸ்ட்’ என்ற கிளையில் இருந்து பலரது சோதனைக்கு உட்பட்ட பின்னரே ‘மாஸ்டர்’ கிளையைச் சேர்கின்றன. புதிய வசதி வரவேண்டும்; ஆனால் பழைய களஞ்சியம் உடையக்கூடாது. நம் ஆய்விதழ்களில் சக அறிஞர் மதிப்பீடு என்று எதைப் போற்றுகிறோமோ, அதையே இப்பணியும் செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே மதிப்பிடுபவர் பெயரை மறைத்துக்கொள்வதில்லை. ஏற்றதன் விளைவுக்கும் அவரே பொறுப்பாகிறார்.

இது ஆய்வன்று, பராமரிப்பு என்போர் ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனமும் கூகுளும் இணைந்து, ஷா-1 முறையில் வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே விரல்ரேகை அமையுமாறு செய்து காட்டின. கிட்டின் பதிவுகள் அனைத்தும் அந்த ஷா-1 விரல்ரேகைகளால்தான் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டே, இத்தகைய மோதலைக் கண்டறியும் வடிவத்துக்குக் கிட் மாறியது. 2020 அக்டோபரில் வந்த 2.29 பதிப்பில் ஷா-256 சோதனை நிலையில் இடம்பெற்றது. குடியிருப்போரை வெளியேற்றாமல் வீட்டின் அடித்தளத்தை மாற்றும் பணி இது. இதற்கு வேண்டிய கணித அறிவும் வடிவமைப்புத் திறனும் ஒரு முனைவர் பட்டத்துக்குக் குறைந்தவை என்று எவரேனும் நெஞ்சறியச் சொல்ல முடியுமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று உள்ளது. அறிவியல், பொறியியல் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 8 மதிப்பெண். தேசியக் காப்புரிமைக்கு 7. பன்னாட்டுக் காப்புரிமைக்கு 10. பலரும் பயன்படுத்தும் திறமூல மென்பொருளை எழுதியவருக்கோ, ஆண்டுக்கணக்கில் பேணியவருக்கோ தனி வரிசை இல்லை. அறிவுக்கு வேலி கட்டினால் மதிப்பெண் உண்டு; அதைப் பொதுவில் வைத்துக் காத்தால் இல்லை. ஹமானோ கூகுளில் ஊதியம் பெற்று இப்பணியைச் செய்கிறார். ஒரு வணிக நிறுவனத்துக்குத் தெரிந்த மதிப்பு, அறிவைப் பொதுவுடைமை என்று முழங்கும் பல்கலைக்கழகத்துக்குத் தெரியாமற்போனது வெட்கத்துக்குரியது.

மானுடவியல் புலத்து நண்பர்களுக்கு இந்த வாதம் புதிதாயிராது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை இயற்றவில்லை. சுவடிகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, 1887இல் பதிப்பித்தார். அதற்காக அவரை எழுத்தர் என்று எவரும் ஒதுக்கவில்லை. பதிப்பாசிரியரைப் போற்றத் தெரிந்த கல்விமரபு, நிரலின் பதிப்பாசிரியரைக் காணாதிருப்பதற்கு என்ன நியாயம்?

இதில் இழப்பு யாருக்கு? கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகோஃப் ஆகியோரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைவுகூர்க. பொதுக்கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 விழுக்காடு என்றது அது. பல நாடுகளில் சிக்கனக் கொள்கைக்கு ஆதரவாக அது காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், ஆசிரியர்களிடமே கேட்டுப் பெற்ற எக்செல் கோப்பைத் திறந்த பிறகுதான் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தது தெரியவந்தது. அப்பிழையோடு தரவு விடுபாடுகளையும் எடையிடும் முறையையும் சரிசெய்து, 2013இல் அவரும் அவருடைய பேராசிரியர்களும் கண்ட விடை 2.2 விழுக்காடு. கோப்பு கட்டுரையோடு முதல் நாளே பொதுவில் இருந்திருந்தால் மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டிருக்குமா?

நம் நாட்டு ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறுகின்றன. சொற்கள் 10 விழுக்காட்டுக்கு மேல் பிறவற்றோடு ஒத்திருந்தால் விதி விழித்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஆய்வேட்டின் வரைபடங்களையும் அட்டவணைகளையும் ஈன்ற நிரல் எங்கே? ஆய்வகக் கணினியில், ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘லேட்டஸ்ட் ஃபைனல்’ என்ற கோப்புறைகளில். ஆய்வாளர் பட்டம் பெற்று வெளியேறியதும் அதன் பொருள் அறிந்தவர் எவரும் இல்லை. அடுத்து வரும் மாணவர் முதல் ஓராண்டைப் பழைய முடிவை மீண்டும் வரவழைப்பதிலேயே கழிக்கிறார். சொல் திருட்டைத் தேடும் நாம், முடிவு மெய்யா என்று தேடுவதில்லை.

நிரலுக்கு மதிப்பெண் தந்தால் வெற்றுக் கமிட்டுகளைக் குவிப்பார்கள் என்று சிலர் அஞ்சுகின்றனர். நியாயமான அச்சம்; போலி ஆய்விதழ்களைப் பெருக்கிய நாட்டில் அது எழவே செய்யும். ஆகவே எண்ணிக்கையை அளக்க நான் கேட்கவில்லை. படித்துப் பார்க்கக் கேட்கிறேன். எந்த மாற்றம், எவரால், என்று, என்ன காரணத்துக்காகச் செய்யப்பட்டது என்பதெல்லாம் களஞ்சியத்தின் வரலாற்றில் வரிக்கு வரி கிடக்கிறது. ஒரு கட்டுரையின் ஐந்து ஆசிரியர்களில் உழைத்தவர் யார் என்று கண்டுபிடிப்பதைவிட இது எளிது. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவர், ஏற்றுப் பதிந்தவர் என இருவர் பெயருக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிறது. நம் மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த இரண்டாம் பெயருக்கு இடமே இல்லை.

கோரிக்கைகள் மூன்று. கணிப்பைச் சார்ந்த ஆய்வேடு எதுவும் தன் நிரல் களஞ்சியத்தோடு, அதன் முழு மாற்ற வரலாற்றோடு சமர்ப்பிக்கப்பட வேண்டும். தனிமனிதத் தகவல் அடங்கிய தரவுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். பணிநியமன, பதவி உயர்வுக் குழுக்கள் திறமூலப் பேணுதலை ஆய்வுப் பங்களிப்பாக ஏற்று, துறை அறிந்தோரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். ஆய்வுத் திட்ட நிதியில் மென்பொருளைப் பேணுவோரின் ஊதியத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.

இவற்றுள் முதலாவதற்கு ஆணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நெறியாளர்கள் தம் மாணவரிடம் இவ்வாரமே கேட்கலாம். மாணவர்கள் தம் அடுத்த ஆய்வறிக்கையிலேயே களஞ்சியத்தின் முகவரியைத் தரலாம். உடன்படாதோர் மறுத்து எழுதுக. ஆனால் மறுப்பு எழுதுமுன், தாம் கடைசியாக வெளியிட்ட கட்டுரையின் முதல் அட்டவணையைத் தம்மிடமுள்ள நிரலைக் கொண்டு ஒருமுறை மீண்டும் வரவழைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.