மூடி 35 வருஷத்துக்கு மேல ஆச்சு... இன்னும் விலைபோகும் சுரங்கம்!

வீட்டு காம்பவுண்ட் சுவரில் படர்ந்து நிற்கும் காகிதப்பூச் செடிக்கு போகன்வில்லா என்று இன்னொரு பெயர் உண்டு. பூகன்வில் என்ற பிரெஞ்சு கடலோடியின் நினைவாக வைத்த பெயர் அது. அவர் பெயரிலேயே பசிபிக் கடலில் ஒரு தீவும் இருக்கிறது. பப்புவா நியூ கினி நாட்டுக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதி அது. அந்தத் தீவின் மலைகளுக்கு நடுவே இருக்கிறது பங்குனா தாமிரச் சுரங்கம்.

1972-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்தச் சுரங்கம், 1989 மே மாதம் மூடப்பட்டது. அதன்பிறகு நிறுவனம் அங்கிருந்து ஒரு கிலோ தாமிரம்கூட எடுக்கவில்லை. ஆனால், ‘பூகன்வில் காப்பர் லிமிடெட்’ என்ற அந்த நிறுவனத்தின் பங்குகள் மட்டும் ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் வருஷக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. உற்பத்தியே இல்லாத கம்பெனிக்கு என்ன வருமானம்? கையிருப்புப் பணத்தை மற்ற நிறுவனங்களின் பங்குகளில் போட்டு, அதில் கிடைத்ததை வைத்துத்தான் காலம் தள்ளியிருக்கிறது.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்?

‘இங்கே பைபாஸ் வரப்போகுது’ என்று சொன்னதும் பொட்டல் நிலத்தை வளைத்துப் போடுவார்களே, அதே கணக்குதான். பங்குனாவில் இன்னும் சுமார் 53 லட்சம் டன் தாமிரமும் 600 டன் தங்கமும் இருப்பதாக நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மின்சார கார், மின்கம்பி என்று எங்கு பார்த்தாலும் தாமிரம் தேவை. ‘மறுபடி திறப்பார்கள்’ என்று ஒரு பேச்சு எழுந்தால் விலை ஏறும். ‘இப்போதைக்கு இல்லை’ என்றால் இறங்கும்.

2016-ல் பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த ரியோ டின்டோ நிறுவனம், அதை பூகன்வில், பப்புவா நியூ கினி அரசுகளுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. 2018-ல் பூகன்வில் அரசு ஆய்வு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2024-ல் அதே உரிமத்தை ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுத்தது. முதலீட்டாளர்களுக்கு மறுபடி நம்பிக்கை பிறந்தது.

ஏன் மூடினார்கள்?

தாமிரம் தீர்ந்துபோய் மூடிய சுரங்கம் அல்ல இது. நூறு கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு கவெராங், ஜாபா ஆறுகளில் கொட்டப்பட்டது. லாபத்தில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கொதித்தார்கள். முன்பு அங்கு வேலைபார்த்த பிரான்சிஸ் ஓனா தலைமையில் 1988-ல் மின்கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அது உள்நாட்டுப் போராக வெடித்தது. தீவு முற்றுகையிடப்பட்டதால் மருந்துகூட சரியாகப் போய்ச் சேரவில்லை. 10,000 முதல் 20,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கின்றன மதிப்பீடுகள்.

அந்தக் கழிவு இன்றும் ஆற்றில்தான் கிடக்கிறது. 2020-ல் அப்பகுதி மக்கள் 156 பேர் ரியோ டின்டோ மீது புகார் கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக நடந்த ஆய்வின் அறிக்கை 2024-ல் வெளியானது. இடிந்து விழக்கூடிய கட்டுமானங்கள், வெள்ளம் என்று உயிருக்கே ஆபத்தான நிலைமை இருப்பதை அது உறுதிசெய்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2019 வாக்கெடுப்பில் பூகன்வில் மக்களில் 97.7% பேர் தனிநாடு கேட்டார்கள். தனிநாடு நடத்தப் பணம் வேண்டும். அதற்கு பங்குனாவைத்தான் நம்பியிருக்கிறது பூகன்வில் அரசு. அந்தத் தீவின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழிச் சொத்து. அதனால், மறுபடி தோண்டலாமா என்ற கேள்விக்கு அந்தக் குடும்பங்களின் பெண்களும் சரி சொல்ல வேண்டும்.

பங்கு வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்?

மூடிய சுரங்கம், மூடிய ஆலை என்று எதன் பங்கை யார் சிபாரிசு செய்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஏன் மூடினார்கள்? அந்தக் காரணம் இப்போது தீர்ந்துவிட்டதா? திறக்கும் செலவை யார் போடுவார்கள்? பங்குனாவைத் திறக்க 520 கோடி டாலர் ஆகும் என்று 2012-லேயே நிறுவனம் ஓர் ஆரம்பக் கணக்கு போட்டது. அந்தப் பணம் கிடைத்தாலும், உற்பத்தி தொடங்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

பூமிக்குள் எவ்வளவு தாமிரம் இருக்கிறது என்பதை கம்பெனி அறிக்கையே சொல்லிவிடும். மேலே குடியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும். பங்குனா மூடியே கிடப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம்.