யாருடைய சுதந்திரம்? – காப்புறுதி வலையமைப்பும் வைத்தியர் கடமையும்

நோயாளியின் நாடியைப் பிடிக்கும் கை எந்தக் கம்பனியின் ஒப்பந்தத்திலும் கையொப்பமிடலாகாது என்பது மருத்துவ உலகிலே நெடுங்காலமாக ஒலித்துவரும் முழக்கமாகும். சுகாதாரக் காப்புறுதிக் கம்பனிகளின் வலையமைப்பிலே சேராது, நோயாளியிடமிருந்து நேரடியாகப் பணம் பெறுவதே தொழிலின் மானத்தைக் காக்கும் வழி என ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியர் பலர் இன்று வாதிக்கின்றனர். இவ்வாதம் வெளித்தோற்றத்திற்கு வீரமானது. ஆராய்ந்து நோக்குமிடத்து அது நோயாளிக்கு எதிரானது என்பதே எமது கருத்தாகும்.

வலையமைப்பு என்பது யாது என முதலிலே தெளிதல் வேண்டும். கம்பனி வைத்தியருடன் முற்கூட்டியே ஒப்பந்தம் செய்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் உரிய கட்டணம் அதிலே வரையறுக்கப்படும். அதற்கு மேலாக வைத்தியர் நோயாளியிடம் கோர முடியாது. பதிலுக்குக் கம்பனி தன் சந்தாதாரரை அவரிடம் அனுப்பும். வலையமைப்புக்கு வெளியே நிற்கும் வைத்தியரை நாடுபவர் பெருந்தொகையைத் தாமே செலுத்த நேரிடும். சில திட்டங்களிலே முழுத்தொகையும் அவர் தலையிலேயே விழும்.

வெளியே நிற்போரின் முறைப்பாடுகள் பொய்யானவை அல்ல. கட்டணம் குறைவு, கொடுப்பனவு தாமதம், பரிசோதனைக்கும் மருந்துக்கும் முன் அனுமதி கேட்டுக் காத்திருத்தல் வேண்டும், நோயாளியைக் கண்ணாலும் காணாத ஒருவர் தொலைவில் அமர்ந்து அவருக்குரிய சிகிச்சையை மறுக்கிறார். இவை யாவும் கண்டிக்கத்தக்கன. ஆயின், வைத்தியர் வெளியேறும்போது தண்டனை பெறுபவர் யார்? கம்பனி தன் மாதச் சந்தாவை முன்போலவே அறவிடுகிறது. வைத்தியர் தாம் விதித்த கட்டணத்தைப் பெறுகிறார். சந்தாவையும் செலுத்திக் கட்டணத்தையும் செலுத்துபவர் நோயாளி ஒருவரே.

உளநோய் மருத்துவத்துறை இதற்குத் தக்க சான்றாகும். 2009–2010 ஆம் ஆண்டுகளுக்குரிய கணிப்பொன்றின்படி, ஐக்கிய அமெரிக்காவின் உளநோய் வைத்தியருள் நூற்றுக்கு 55 பேரளவினரே தனியார் காப்புறுதியை ஏற்றனர். ஏனைய துறையினருள் ஏற்றோர் நூற்றுக்கு 89 பேரளவினர். மனச்சோர்வுக்கு ஆளான ஒரு தொழிலாளிக்கு இதன் பொருள் யாது? காப்புறுதி அட்டை கையில் உண்டு. அதனை ஏற்கும் வைத்தியரைத் தேடி அலைய வேண்டியுள்ளது. வைத்தியரின் சுதந்திரம் இங்கு பணம் படைத்தோரை மட்டும் பார்க்கும் சுதந்திரமாகச் சுருங்கிவிடுகிறது.

இச்சுதந்திர முழக்கத்தின் வரலாறும் நினைவுகூரற்பாலது. 1937 இல் வாஷிங்டனிலே அரச ஊழியர்கள் ஒன்றுகூடி, மாதச் சந்தா செலுத்தி, வைத்தியரைச் சம்பளத்திற்கு அமர்த்தும் கூட்டுறவு அமைப்பொன்றை நிறுவினர். அதிலே சேர்ந்த வைத்தியரைத் தொழிலுலகிலிருந்து ஒதுக்கவும், வைத்தியசாலைக் கதவுகளை அவர்களுக்கு அடைக்கவும் அமெரிக்க மருத்துவச் சங்கம் முற்பட்டது. வர்த்தகப் போட்டியைத் தடுக்கும் சதிகளுக்கு எதிரான 1890 ஆம் ஆண்டின் ஷேர்மன் சட்டத்தின்கீழ் அச்சங்கம் குற்றவாளியாகக் காணப்பட்டது. 1943 இல் நாட்டின் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. சேராதிருக்கும் சுதந்திரத்தைப் போற்றியவர்களே சேர்பவரின் சுதந்திரத்தைப் பறிக்க முனைந்தனர்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் பிறிதொரு பாடத்தைத் தருகிறது. 1962 யூலை 1 ஆம் திகதி அங்கு பொது மருத்துவக் காப்புறுதி நடைமுறைக்கு வந்த அன்றே வைத்தியருட் பெரும்பாலார் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். யூலை 23 இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. சேவைக்கேற்ற கட்டணமுறை நிலைத்தது. வைத்தியர் அரச ஊழியராக்கப்படவில்லை. மக்களின் காப்புறுதியும் நிலைத்தது. ஒரு தசாப்தத்திற்குள், 1972 அளவில், கனடாவின் மாகாணங்கள் யாவும் இத்தகைய திட்டத்தை ஏற்றிருந்தன.

அரசின் காப்புறுதியையும் இலாபம் தேடும் கம்பனியையும் ஒருங்கு வைத்தெண்ணலாமா என்று சிலர் வினவுவர். வேறுபாடு மெய்யே. சஸ்காச்சுவானிலே வைத்தியர் ஓரணியாக நின்று பேசினர். ஐக்கிய அமெரிக்காவிலோ தனித்துத் தொழில்புரியும் வைத்தியர் பெருங்கம்பனியின் முன் தனித்தே நிற்கிறார். அத்தகைய வைத்தியர் தமக்குள் கூடி உச்சக் கட்டணத்தை வரையறுப்பதும் அதே ஷேர்மன் சட்டத்திற்கு முரணானது என 1982 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே, சேர்ந்துவிடுதல் மட்டும் போதாது. கூட்டாகப் பேசும் உரிமை, முன் அனுமதிக்குக் காலவரையறை, மறுப்புக்கு எழுத்திலே காரணம் ஆகியவற்றைச் சேர்ந்து நின்று கோருதல் வேண்டும். சட்டத்தினால் இது இயலும் என்பதற்கும் சான்றுண்டு. 2022 சனவரி 1 முதல் அந்நாட்டிலே நடைமுறையிலுள்ள சட்டமொன்று, அவசர சிகிச்சையின்போது வலையமைப்புக்கு வெளியேயுள்ள வைத்தியர் நோயாளிமீது மேலதிகக் கட்டணம் சுமத்துவதைத் தடுத்து, கம்பனிக்கும் வைத்தியருக்குமிடையிலான பிணக்கை நடுத்தீர்ப்புக்கு அனுப்புகிறது. நோயாளியைப் பணயம் வைக்காமலே கம்பனியுடன் போராடலாம் என்பதை இது காட்டுகின்றதன்றோ?

எமது நாட்டிலே அரச வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை இன்றும் உள்ளமையால், இவ்வினா தொலைதூரத்ததாகத் தோன்றலாம். ஆயினும், தனியார் வைத்தியசாலைகளும் சுகாதாரக் காப்புறுதி விற்கும் கம்பனிகளும் இங்கும் உள்ளன. பொதுமக்களின் பணத்திலே மருத்துவம் பயிலும் எம் மாணவரின் முன்னும் ஒருநாள் இத்தகைய ஒப்பந்தம் நீட்டப்படலாம். அப்போது அவர்கள் முதலிலே ஆராய வேண்டியது தமக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையன்று. தாம் மறுத்தால் அதன் விலையை யார் செலுத்துவர் என்பதையேயாகும்.