தொழில்: கூலி

கம்பத்தில் ஓர் உறவினர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுச் சிறுமி ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு நாள் மாலை ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, கூலின்னா இங்கிலீஷ்லே என்ன?"

"அது தமிழ் வார்த்தை அல்லவா, அம்மா? 'வேஜஸ்' என்று சொல்வார்கள்" என்றேன்.

"இல்லே தாத்தா, கூலியே இங்கிலீஷ் வார்த்தைதான். டிக்‌ஷனரியிலே போட்டிருக்கு."

பாடத்தில் ஏதோ ரயில் நிலையத்துக் கதை. அதில் வந்த சொற்களுக்குப் பொருள் எழுதி வாக்கியத்தில் அமைத்து வரவேண்டும் என்பது வீட்டுப் பாடம். 'கூலி: பெயர்ச்சொல். சுமை தூக்குகிறவன், பயிற்சி இல்லாத வேலையாள்' என்று அகராதியைப் பார்த்து எழுதியிருந்தாள். அதன் கீழே அவளே அமைத்த வாக்கியம்: 'என் அம்மா ஒரு கூலி.'

இலக்கணத்தில் பிழை இல்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. சிவப்பு மையில் 'சரி' போட்டுவிடலாம். எனக்குத்தான் கை வரவில்லை.

"இப்படி எழுத யாரம்மா சொல்லிக் கொடுத்தார்கள்?"

"யாரும் இல்லே. பள்ளிக்கூடத்துப் பாரத்திலே 'தாயார் தொழில்: கூலி'ன்னுதானே இருக்கு?"

சிறிது நேரத்தில் அந்தத் தாயார் கையில் தூக்குவாளியுடன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தாள். விடியுமுன் கிளம்பி, மலைக்கு மேலே குமுளிப் பக்கத்து ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுத் திரும்புகிறவள். அவளிடமே கேட்டேன்.

"நான் 'கூலிக்குப் போறேன்'னுதான்யா சொன்னேன். அவுக 'கூலி'ன்னு எழுதிக்கிட்டாக" என்றாள்.

வாசகர்களே, அந்தப் பதிலைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத அந்த அம்மாள் சொன்னது சுத்தமான தமிழ். கூலி என்பது உழைப்புக்குக் கிடைப்பது. அதற்காகப் போகிறேன் என்கிறாள். பேனா பிடித்தவர் செய்தது என்ன? நான்காம் வேற்றுமை உருபை வெட்டி எறிந்தார். ஒரு 'கு' போயிற்று; அதோடு ஒரு மனுஷியும் போய்விட்டாள். மிஞ்சியது காசு மட்டும்.

குமாஸ்தாவின் மகன் பாரத்தில் 'தந்தையார் தொழில்: சம்பளம்' என்று எழுதுகிறோமா? வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு 'பீஸ்' என்றும், என் போன்ற எழுத்தாளன் வீட்டுப் பிள்ளைக்கு 'சன்மானம்' என்றும் எழுதுகிறோமா? எழுதினால் சும்மா விடுவோமா? நாமெல்லாம் வாங்குவதுதான் சம்பளமும் பீஸும். அவள் மட்டும் எப்படி ஐயா தான் வாங்குவதாகவே ஆகிவிட்டாள்?

வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இந்தச் சொல்லை எடுத்து ஆண்டிருக்கிறார். உடல் வருந்தி முயன்றவனுக்கு அந்த முயற்சி தரும் பலனை அவர் கூலி என்றார். முயன்றவனைக் கூலி என்று அழைக்கவில்லை. அப்படிப்பட்ட சொல் ஆங்கிலேயர் வாயில் ஆளின் பெயராக மாறியது. மூலம் பற்றித் தகராறு உண்டு. குஜராத்தின் கோலி என்ற இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. தமிழ்க் கூலிதான் என்பது மற்றொரு கட்சி. 1886-ல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி இரண்டையும் எடுத்துப் பேசுகிறது. மூலம் எதுவாகவும் இருக்கட்டும். அந்தச் சொல் செய்த வேலை நமக்குத் தெரியும். 1834-ல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிந்தது. அதே ஆண்டு மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் போய் இறங்கத் தொடங்கினார்கள். 1860-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களை ஏற்றிச் சென்று நேட்டாலில் இறக்கியது. பிறகு அங்கே இந்தியர் என்றாலே கூலிதான். 1893-ல் போன காந்தியைக் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். வழக்கறிஞருக்குரிய பீஸ் வாங்கியவரும் கூலிதான்! அந்தச் சொல்லுக்கும் ஊதியத்துக்கும் இருந்த உறவு அதோடு அறுந்துவிட்டது. அது வெறும் வசவாயிற்று. தென்னாப்பிரிக்காவில் இன்றும் அதை வசவாகவே கருதுகிறார்கள்.

மொரீஷியஸில் அவர்கள் கரையேறிய இடத்துக்குக் 'கூலி காட்' என்று பெயர் இருந்தது. அதை 'ஆப்ரவாசி காட்' என்று மாற்றினார்கள். வந்து குடியேறியவர்களின் துறை என்று பொருள். 2006-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. கடல் கடந்து போனவர்கள் அந்தப் பெயரைக் கழற்றி எறிந்தார்கள். உள்ளூரில் இருக்கும் நாம் அதைப் பள்ளிப் பாரத்தில் எழுதிப் பத்திரப்படுத்துகிறோம்!

சரி, 'பயிற்சி இல்லாத வேலையாள்' என்கிறதே அகராதி, அதையும் பார்ப்போம். ஏலக்காய் மாங்காயைப் போல் தலைக்கு மேலே தொங்குவதில்லை. செடியின் அடியில், தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றுவதும் இல்லை. குனிந்து, மண்டியிட்டு, முற்றியதை மட்டும் கிள்ளிப் பிஞ்சை விட்டுவைக்க வேண்டும். ஒரே செடிக்குப் பல தடவை திரும்ப வரவேண்டும். கண்ணும் விரலும் தப்பினால் அடுத்த எடுப்புக்குக் காய் இராது. இதற்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்பவர் ஒரு நாள் அந்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டு வரட்டும்.

போடிநாயக்கனூர் ஏலத்தில் அதே காய்க்கு எத்தனை மரியாதை! பருமன் பார்த்து, பச்சை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் காய் என்று தனியாகப் பெயர் சொல்லி விலை கூறுகிறார்கள். காய்க்குப் பெயர் இருக்கிறது, எடுத்தவளுக்கு இல்லை. நம் வீட்டுப் பாயசம் மணக்கும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது.

"பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா? 2016 ரயில்வே பட்ஜெட்டில் போர்ட்டர்களுக்குச் 'சகாயக்' என்று பெயர் சூட்டினார்களே, பெட்டியின் கனம் குறைந்ததா?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. புதுப் பெயர் சூட்டி மாலை போடச் சொல்லவில்லை நான். கூலி என்ற சொல்லையும் வெறுக்கவில்லை. அது நல்ல சொல். அதை ஆளின் தலையிலிருந்து இறக்கி, அதற்குரிய இடத்தில் வையுங்கள் என்கிறேன். ஆளே கூலியாகிவிட்டால், 'கூலி எவ்வளவு?' என்று கேட்பது யார்? யாரிடம் கேட்பது? அந்தக் கேள்வி எழாமல் இருப்பதில் லாபம் காண்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இலக்கணப் பிழையும் ஒரு முதலீடுதான்.

1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே 'தொழிலாளி' என்றுதான் எழுதியது. சட்டத்துக்குத் தெரிந்த மரியாதை நம் பேனாவுக்குத் தெரியக் கூடாதா?

அந்தச் சிறுமியிடம் வாக்கியத்தை அடிக்கச் சொல்லவில்லை. அதன் கீழே இன்னொன்று எழுதச் சொன்னேன்: 'என் அம்மா ஏலத் தோட்டத் தொழிலாளி.' ஆசிரியர் எதற்குச் 'சரி' போட்டாரோ, தெரியாது. நான் மறுநாள் ஊர் திரும்பிவிட்டேன்.

பள்ளியிலோ, ஆபீஸிலோ, ஆஸ்பத்திரியிலோ பாரம் நிரப்பும் பேனா உங்கள் கையில் இருக்கலாம். 'தொழில்' என்ற கட்டம் வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, "என்ன வேலை செய்கிறீர்கள், அம்மா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வேலையை எழுதுங்கள். கூலி என்று தனியாக ஒரு கட்டம் இருந்தால், அதில் ரூபாயை எண்ணால் எழுதுங்கள்.