அது கந்தல் இல்லை, எங்கம்மா சேலை

போன மாசம் ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்திருந்தார் (முறை சொன்னால் யாரென்று தெரிந்துவிடும், வேண்டாம்). எங்கள் புனே வீட்டுக் கட்டிலைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இவ்ளோ சம்பாதிக்கிற, நல்ல போர்வை ஒண்ணு வாங்கக் கூடாதா? கந்தல ஒட்டுப் போட்டு விரிச்சிருக்கியே" என்றார். விருந்தாளியாச்சே என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பீரோவைத் திறந்தார்கள். பட்டுச் சேலைகளைப் பங்கு போட்டார்கள். சின்னாளபட்டி சுங்குடியையும் மற்ற நூல் சேலைகளையும் மூட்டை கட்டித் திண்ணையில் போட்டார்கள். பாத்திரக்காரர் வந்தால் எவர்சில்வர் அன்னக்கூடை தேறுமாம். "செத்தவங்க துணி வீட்ல இருக்கக் கூடாது" என்று காரணம் வேறு. பட்டுக்கு மட்டும் அந்தச் சாஸ்திரம் கிடையாதா என்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

இங்கே மராட்டி வீடுகளில் இதற்குக் கோதடி என்று பெயர். எதிர்வீட்டு ஆஜிதான் சொல்லிக் கொடுத்தார். கஞ்சி போகத் துவைத்துக் காயவைக்க வேண்டும். நைந்த சேலை நடுவில், நல்லது மேலும் கீழும். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நகராமல் இருக்க முதலில் பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே உள்ளே சுற்றி வரும் சாதாரண ஓட்டுத் தையல். அவ்வளவுதான். நானும் மனைவியும் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து நாலு மாசத்தில் முடித்தோம். ஆம்பளை ஊசி பிடிப்பதா என்று கேட்பவர்கள், ஊரில் டெய்லர் கடை நடத்துவது யார் என்று யோசித்துவிட்டுக் கேட்கவும்.

வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். நம்ம 'கந்தை'க்குச் சொந்தக்கார வார்த்தை. பழைய புடவையின் கரையிலிருந்தே நூலை உருவி, அதிலேயே பூவும் மீனும் தைத்தார்கள் அந்தப் பெண்கள். மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடகத்தில் இதைக் கவுதி என்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், கறுப்பினப் பெண்கள் வயற்காட்டுக்குப் போட்டுத் தேய்ந்த உடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகளை 2002ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள். 2006ல் தபால்தலையே வந்தது.

ஆக, மியூசியத்தில் மாட்டினால் கலை. நம்ம வீட்டுக் கட்டிலில் கிடந்தால் கந்தல். அப்படித்தானே? கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன மொழிக்காரர்கள் நாம். கசக்கவும் மறந்துவிட்டோம், கட்டவும் வெட்கப்படுகிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. புதுத்துணி வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, "பழைய காலத்து ஸ்டைல்" என்று பெருமைப்படும் கூட்டம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மிச்சத்தை வீணாக்காத வேலைக்காகப் புதுசை வெட்டுவது என்ன நியாயம்? இதே ஆட்கள், நாள்கணக்கில் குனிந்து கையால் தைத்துத் தரும் பெண்ணிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள். மாலில் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்க மாட்டார்கள்.

கடையில் மலிவாகப் பாலியஸ்டர் போர்வை கிடைக்கிறது, தெரியும். என் பெண்ணுக்கு வயது ஆறு. பாட்டியைப் பார்த்ததே நாலைந்து தடவைதான். இப்போது ராத்திரி படுக்கும்போது ஒவ்வொரு துணியாக விரலை வைத்து, "இது பாட்டி எப்போ கட்டினது?" என்று கேட்கிறாள். கடைப் போர்வையைக் காட்டி அவள் என்ன கேட்பாள்?

நாமெல்லாம் அம்மாவின் பழைய சேலையில் கட்டிய தூளியில் தூங்கி வளர்ந்தவர்கள். அன்றைக்கு அது கந்தலாகத் தெரியவில்லையே!

அடுத்த முறை ஊரில் மூட்டை கட்டினால், அன்னக்கூடை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆறு நூல் சேலை இருந்தால் ஒரு கோதடி ஆச்சு.