முதுகுக்கு ஒரு துணை

தைப்பொங்கற் காலத்தில் வடமராட்சிக் கடற்கரையில் நின்று பட்டம் ஏற்றியவர்களுக்குக் காற்றின் வலிமையைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆளுயரப் பட்டமொன்று விண் கூவ மேலெழுந்து நின்றால், அதன் கயிற்றைத் தனியொருவர் பிடித்து நிற்றல் அரிது. 2021 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் பருத்தித்துறைப் பகுதியிற் சில இளைஞர்கள் பெரும்பட்டமொன்றை ஏற்ற முயன்றனர். ஏனையோர் கயிற்றைக் கைவிட்டபோது, ஒருவர் மாத்திரம் விடாது பற்றிக்கொண்டமையால் கயிற்றோடு வானில் தூக்கப்பட்டார். பின்னர்க் கீழே விழுந்து, நல்வினைப் பயனால் உயிர் தப்பினார். அக்காட்சியைப் பார்த்து நகைத்தவரும் உளர், நடுங்கியவரும் உளர்.

ஆளைத் தூக்கவல்ல காற்று ஒரு வண்டியை இழுக்கமாட்டாதா? இழுக்கும். இங்கிலாந்தில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர், அங்கே விடுமுறை நாள்களில் அத்தகைய வண்டியொன்றைக் கடற்கரையில் ஓட்டுகிறார். அண்மையில் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. நலம் விசாரித்தபின், "சேர், வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் இடுப்பு முறிகிறது. சாய்மானமொன்று நானே செய்தேன். அது என்னை விழுத்திவிட்டது. இப்போது இரண்டாவது செய்திருக்கிறேன். முதலாவது ஏன் பிழைத்தது என்று நீங்கள்தாம் சொல்லவேண்டும்" என்று எழுதியிருந்தார். அம்மடலே இவ்வாரம் எமக்குப் பொருளாயிற்று.

பட்டவண்டி என்பது மூன்று சக்கரமுடைய தாழ்ந்த வண்டி. பின்னே இரு சக்கரங்கள் ஓர் அச்சிற் சுழலும். முன்னே உள்ள ஒற்றைச் சக்கரத்தைக் கால்களால் திருப்பவேண்டும். கைகளிரண்டும் பட்டத்திற்கே உரியன. இரு பக்கமும் செல்லும் குழாய்ச் சட்டங்களுக்கிடையே உறுதியான துணி தொங்கும். அதுவே இருக்கை. ஏறியிருப்பவர் நிலத்திற்குச் சில அங்குல உயரத்தில், கால்களை நீட்டிக்கொண்டு செல்வார். இவ்வண்டிக்கு இன்றைய வடிவத்தை அமைத்தவர் நியூசிலாந்தின் அஷ்பேட்டன் நகரைச் சேர்ந்த பட்டக் கலைஞர் பீற்றர் லின். 1990 அளவில் அவர் செய்த வண்டியைப் பின்பற்றியே இன்று பல நாடுகளிலும் வண்டிகள் செய்யப்படுகின்றன. கடல் வற்றும்போது வெளிப்படும் கெட்டியான மணற்பரப்பும், நீர் வற்றிய ஏரித்தரையும் இதற்கு ஏற்ற இடங்கள். 2004 ஆம் ஆண்டில் மூவர் இத்தகைய வண்டிகளில் கோபிப் பாலைவனத்தில் 17 நாள்களில் 1,015 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்தனர். எத்தனை நாழிகை அவர்கள் முதுகு அவ்விருக்கைகளில் அதிர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் பட்டவண்டியின் மூதாதை இன்னும் பழையது. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் ஜோர்ஜ் பொக்கொக் என்றொரு பள்ளியாசிரியர் இருந்தார். பட்டங்களிற் பெருவிருப்புக் கொண்ட அவர், 1826 ஆம் ஆண்டிற் பட்டம் இழுக்கும் வண்டிக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஒரே கயிற்றில் முன்பின்னாகக் கட்டிய இரு பட்டங்கள், பலர் ஏறிய வண்டியை மணிக்கு ஏறத்தாழ 20 மைல் வேகத்தில் இழுத்தன. அக்காலத்தில் வீதிச் சுங்கம் வண்டியிற் பூட்டிய குதிரைகளின் தொகையைக் கொண்டே அறவிடப்பட்டது. குதிரையே இல்லாத வண்டிக்கு எத்தொகையை அறவிடுவது? சுங்கக்காரர் திகைத்தனர், வண்டி சுங்கமின்றிச் சென்றது.

அவர் 1824 இற் செய்த இன்னொரு காரியம் எம்மை எப்பொழுதும் சிந்திக்க வைக்கும். முப்பது அடி நீளப் பட்டமொன்றில் ஒரு கதிரையைக் கட்டி, அதில் தம் மகள் மார்த்தாவை இருத்தி, 270 அடி உயரத்திற்கு ஏற்றினார். அப்பெண் நலமாகக் கீழிறங்கினாள். பிற்காலத்தில் அவள் பெற்ற பிள்ளையே கிரிக்கெற் உலகம் போற்றும் டபிள்யூ. ஜீ. கிறேஸ். அந்தத் தந்தையை நாம் பாராட்டுவதா, கண்டிப்பதா? இதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் மாணவரின் இடுப்பு நோவை நோக்குவோம். பட்டம் வண்டியை நேர் முன்னே இழுப்பது அரிது. பெரும்பாலும் அது பக்கவாட்டிலும் சற்று முன்னோக்கியுமே இழுக்கும். சக்கரங்கள் பக்கவாட்டில் நகர மறுப்பதனால் வண்டி முன்னே ஓடுகிறது. ஆனால், அவ்விழுவை முதலில் வாங்குவது வண்டியன்று, மனித உடலே. கையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து இருக்கைக்கும் அது செல்கிறது. சாய்மானம் இல்லாதபோது வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் ஓயாது இறுகி நின்று உடலை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். ஒரு மணி நேரம் அவ்வாறு நின்றால் எவருக்குத்தான் நோகாது? சாய்மானம் இருந்தாலோ, கால்கள் முன்னே மிதிகளை உந்தும். அவ்வுந்தலின் எதிர்விசையால் முதுகு பின்னே சாய்மானத்தில் அழுந்தும். உடல் இரண்டுக்கும் நடுவே ஆப்புப்போல இறுகி நிற்கும். தசை செய்த வேலையை எலும்பும் இரும்பும் ஏற்றுக்கொள்ளும்.

எனவே, இது எங்கள் வீட்டு விறாந்தையிற் கிடக்கும் சாய்மனைக் கதிரையைப் போன்றதன்று. அது ஓய்வுக்கு உரியது. இது உழைப்புக்கு உரியது. எமது மாணவரின் முதற்பிழை இவ்வேறுபாட்டை மறந்தமையே. அவர் முதலிற் செய்த சாய்மானம் தலை வரை உயர்ந்து, தடித்த மெத்தையுடன் விளங்கியது. தோள் அதில் அழுந்தியமையால் கைகளைத் தாராளமாக அசைக்க இயலவில்லை. மெத்தை உடலை முன்னே தள்ளியமையால் முழங்கால் மடங்கி, மிதியை உந்தும் வலிமை குறைந்தது. இவற்றோடு நில்லாது, வழுவாமல் இருப்பதற்கென்று தம்மை ஒரு பட்டியால் வண்டியோடு கட்டியுங்கொண்டார். ஒருநாள் திடீரென வீசிய காற்றில் வண்டி கவிழ்ந்தது. கட்டப்பட்டிருந்தமையால் அவரும் வண்டியோடு புரண்டார். காறையெலும்பு முறிந்து, ஆறு கிழமை கையைத் தூக்கிக் கட்டியிருந்தார்.

இரண்டாவது சாய்மானத்தை அவர் அளந்து செய்தார். அவர் எழுதியவாறே முறையைத் தருகிறோம். கைவேலையில் விருப்பமுள்ள மாணவர்களுக்கு இது பயன்படும்.

முதலாவது அளவு. வண்டியில் இருந்து, கால்களை மிதியில் வைத்து, முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு அமரவேண்டும். நண்பர் ஒருவர் முதுகின் பின்னே மட்டையொன்றைப் பிடித்து, இடுப்பின் உட்குழிவு எங்கே உள்ளது, தோட்பட்டை எலும்பின் கீழ்முனை எங்கே உள்ளது என்று சுண்ணக்கட்டியால் குறிக்கவேண்டும். சாய்மானத்தின் மேல்விளிம்பு தோட்பட்டைக்குக் கீழேயே நிற்கவேண்டும். இடுப்பின் உட்குழிவே அது தாங்கவேண்டிய இடம்.

இரண்டாவது சட்டம். ஓரங்குல விட்டமுள்ள உருக்குக் குழாயை, கவிழ்த்து வைத்த பகரம் போல வளைக்கவேண்டும். குழாயை வெறுங்கையால் வளைத்தால் மடிந்து நசுங்கும். நசுங்கிய இடமே பின்னர் முறியும். ஆகையால் குழாய் வளைக்கும் பொறியுள்ள பட்டறையிற் கொடுத்தல் நன்று. அதன் இரு கால்களும் பின்னச்சுக்கு அண்மையில், பக்கச் சட்டங்களிற் பற்றிகளால் இறுக்கப்படவேண்டும். வண்டியின் சட்டத்திலே துளையிடுதல் ஆகாது. துளையிட்ட குழாய் அதிர்ச்சியில் அவ்விடத்திலேயே வெடிக்கும். பற்றியென்றால் வேண்டியவாறு முன்னும் பின்னும் நகர்த்தவும் முடியும்.

மூன்றாவது சாய்வு. சட்டத்தின் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு நாடா முன்னோக்கிச் சென்று பக்கச் சட்டத்திற் சேரும். அந்நாடாவே சாய்மானம் பின்னே விழாது தாங்குவது. அதில் ஒரு வளையப்பூட்டு இருந்தால், இறுக்கியும் தளர்த்தியும் சாய்வை மாற்றலாம். மேலும், இந்நாடாக்கள் இடுப்பின் இரு புறமும் செல்வதனால், பட்டம் பக்கவாட்டில் இழுக்கும்போது உடல் நழுவாது தடுக்கும். இழுவை பெரும்பாலும் பக்கவாட்டிலேயே வருவதால், முதுகைத் தாங்குவதினும் இப்பக்கத் துணையே பெரிது என்கிறார் மாணவர்.

நான்காவது தாங்கும் பரப்பு. அவர் இதற்கு விலை கொடுத்து ஒன்றும் வாங்கவில்லை. கழித்துப்போட்ட மோட்டார் வண்டிகளின் இருக்கைப் பட்டிகளை வெட்டியெடுத்து, நாடாக்கட்டில் பின்னுவது போலக் குறுக்கும் நெடுக்கும் பின்னினார். இரண்டங்குல அகலமுள்ள அப்பட்டி ஓர் ஆளின் பாரத்தையும் அதிர்ச்சியையும் தாங்குவதற்கென்றே நெய்யப்பட்டது, எளிதில் அறாது. பின்னலைச் சற்றுத் தளர விட்டால், முதுகு அதிற் பதியும். பின்னே உள்ள குழாயில் முட்டாது. மேற்குழாயைப் பழைய சைக்கிள் ரியூப்பினாற் சுற்றி, குழாயின் முனைகளை மூடினார். விழும்போது உடலிற் குத்தத்தக்க கூர் எதுவும் இருத்தலாகாது.

இறுதியாகப் பரீட்சை. காற்றில் இறங்குமுன், வண்டியை நிறுத்தி அதில் இருந்துகொண்டு, கயிறொன்றைக் கையிற் பிடித்து, நண்பரைப் பக்கவாட்டிலிருந்து இழுக்கச் செய்தார். எந்தப் பற்றி அசைகிறது, எந்தப் பட்டி தளர்கிறது, உடல் எங்கே நோகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிட்டன. பின்னர் சிறு பட்டத்தோடும் மென்காற்றோடும் தொடங்கினார். தலைக்கவசம் அணிந்தார். இம்முறை பட்டி கட்டிக்கொள்ளவில்லை.

முதலாவது ஏன் பிழைத்தது என்ற வினாவுக்கு விடை, அவர் இரண்டாவது செய்த முறையிலேயே இருக்கிறது. முதலாவது அவரைக் கட்டியது. இரண்டாவது அவரைத் தாங்கியது. வண்டி ஓடும்போது துணையாக நின்று, வண்டி கவிழும்போது ஆளை விட்டுவிடுவதே நல்ல சாய்மானம். இவ்வாறே அவருக்கு மறுமொழி எழுதினோம்.

எழுதி முடித்தபின் எமக்கு ஒரு பழைய நினைவு வந்தது. இம்மாணவர் எமது வகுப்பில் இருந்த காலத்தில், பௌதிக பாடம் நடக்கும்போது மேசையின் கீழ் மூங்கிற் சலாகை சீவிக்கொண்டிருந்தார். நாம் அதனைப் பறித்து, வகுப்பின் முன்னிலையில் முறித்து, "பட்டம் விடுகிறவன் பட்டம் பெறமாட்டான்" என்று கூறினோம். வகுப்பு நகைத்தது. அன்று கரும்பலகையில் நாம் எழுதியிருந்த பாடம் விளையுள் விசை. அதே பாடம் அவருடைய கையிலே மூங்கிலாக இருந்ததை நாம் காணவில்லை. மடலில் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மறந்தாரோ, மறந்தார் போல இருந்தாரோ, அறியோம். நாம் மறக்கவில்லை. அதையும் மறுமொழியின் அடியில் எழுதி, மன்னிப்புக் கேட்டோம்.

பிறிஸ்ரல் ஆசிரியரிடம் இப்போது திரும்புவோம். பெற்ற மகளைக் கதிரையில் வைத்து வானில் ஏற்றிய துணிவை நாம் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். கயிறு அறுந்திருந்தால் இன்று வேறு கதை கூறியிருப்போம். ஆனால் பிள்ளையின் கையிலிருக்கும் மூங்கிலை முறிப்பதும் அதற்கு மாற்று ஆகாது. ஒருவர் பாதுகாவலின்றிப் பறக்க விட்டார். மற்றவர் பறக்கவே விடவில்லை. இரண்டுக்கும் நடுவே, அளந்து செய்த சாய்மானம் போல நின்று, முதுகைத் தாங்கி, கைகளைத் தாராளமாக விடுதல் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய பணியாகும்.

சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? மாணவர்களே, காற்றோடு விளையாடுங்கள்; அதற்கு முன் உங்கள் முதுகை அளந்துகொள்ளுங்கள். பெற்றோரே, பிள்ளை மூங்கில் சீவும்போது கத்தியை மாத்திரம் கவனியுங்கள். மூங்கிலை அவனிடமே விட்டுவிடுங்கள்.