விடியும் முன்பே வரிசை... இறந்தவர் வீட்டுப் பழைய துணிக்கு அமெரிக்காவில் ஏன் இவ்வளவு போட்டி?

அமெரிக்காவில் வார இறுதியானால், முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டு வாசலில் விடியும் முன்பே வரிசை நிற்பதைப் பார்க்கலாம். கதவு திறந்ததும் சிலர் சோபாவையோ டிவியையோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேராக துணி அலமாரிக்குத்தான் ஓடுகிறார்கள். பழைய துணிக்கு ஏன் இந்தப் போட்டி?

'எஸ்டேட் சேல்' அப்படின்னா என்ன?

எஸ்டேட் என்றதும் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே அதற்கு அர்த்தம், ஒருவர் இறந்தபின் விட்டுச்செல்லும் சொத்து. வீட்டைக் காலி செய்ய, தட்டு முதல் கட்டில் வரை விலை ஒட்டி, அந்த வீட்டிலேயே இரண்டு, மூன்று நாள் விற்பார்கள். பெரும்பாலும் ஒரு நிறுவனம் கமிஷன் வாங்கிக்கொண்டு இதை நடத்தும். முதல் நாள் முழு விலை. கடைசி நாளில் பாதி விலைக்கும் கிடைக்கும்.

இப்போது ஏன் பேசப்படுகிறது?

1946 முதல் 1964 வரை பிறந்தவர்களை 'பேபி பூமர்' தலைமுறை என்பார்கள். இவர்களில் மூத்தவர்களுக்கு 2026-ல் 80 வயது. அவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. இன்னொரு பக்கம், ஈபே, எட்ஸி போன்ற தளங்களில் பழைய துணிக்கு வாங்குபவர்கள் சுலபமாகக் கிடைக்கிறார்கள். 800 டாலர் வரையிலான வெளிநாட்டு பார்சல்களுக்கு இருந்த இறக்குமதி வரிவிலக்கும் 2025 ஆகஸ்ட் 29-ல் நின்றுபோனது. உள்ளூர் அலமாரியில் தொங்கும் சட்டைக்கு அந்த வரிப் பிரச்சினையே இல்லை.

துணியின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

* லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புப் பட்டியில் பெயர் முழுக்க பெரிய எழுத்தில் இருந்தால், பொதுவாக 1971-க்கு முந்தையது. ரசிகர்கள் இதை 'பிக் ஈ' என்பார்கள்.
* துவைக்கும் முறையைச் சொல்லும் லேபிள் அமெரிக்காவில் 1972-ல்தான் கட்டாயமானது. அது இல்லாவிட்டால் அதற்கும் பழையதாக இருக்கலாம்.
* பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கமான ஐஎல்ஜிடபிள்யூயூ-வின் லேபிள் இருந்தால், அநேகமாக 1995-க்கு முந்தையது. அந்த ஆண்டுதான் அது வேறு சங்கத்துடன் இணைந்தது.

ஆனால் போலி லேபிளும் உண்டு, லேபிளை வெட்டி எடுத்த துணியும் உண்டு. அதனால் ஜிப், தையல் என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நஷ்டம் யாருக்கு?

பெரும்பாலும் குடும்பத்துக்குத்தான். துக்கத்தில் இருப்பவர்கள் நகையையும் மர சாமான்களையும் மதிப்பிட்டுப் பார்க்கிறார்கள். துணியை மட்டும் 'பழசுதானே' என்று மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். லேபிளைப் படிக்கத் தெரிந்த வியாபாரி, அதையே பல மடங்கு விலைக்கு விற்கிறார். ஒட்டிய விலையைக் கொடுத்துத்தான் அவர் வாங்குகிறார் என்பதால், பிறகு கேள்வி கேட்கவும் முடியாது.

இதைத் தவிர்க்க, விற்பனைக்கு முன்பே லேபிள்களைப் பார்த்து, அதே மாதிரி துணி ஆன்லைனில் உண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்று தேடலாம். கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறக்கூடாது. கமிஷன் எவ்வளவு, ஊழியர்கள் முன்கூட்டியே வாங்கலாமா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது.

வாங்குபவர்களும் உஷாராக இருக்க வேண்டும். பழைய பட்டு மடிப்பிலேயே கிழியும். அன்றைய சைஸ் எண் இன்றைய அளவோடு பொருந்தாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் பெரும்பாலும் வழியில்லை.